யாரு சோறாக்கறது?

பிள்ளை பார்ப்பது எங்கள் பெண்களுக்குப் புதிய வேலை இல்லை. எங்கள் பாட்டி மருத்துவச்சி. ஊர்த்தெருவில் பாதிப் பேருக்குத் தொப்புள்கொடி அறுத்தது அவள் கைதான். அறுத்து முடித்து அவள் வெளியே வந்ததும் வீட்டைக் கழுவி விடுவார்கள். பின்வாசலில் முறத்தில் கொஞ்சம் அரிசி, ஒரு பழம்புடவை. நடவு நாளில் வரப்பில் கிடந்த ஆண்டை வீட்டுப் பிள்ளை வீறிட்டு அழுதால் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டவர்களும் எங்கள் பெண்கள்தான். அப்போதெல்லாம் தீட்டைக் கழுவ ஒரு குடம் தண்ணீர் போதுமானதாக இருந்தது. அதே கை ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, பலகை மாட்டி, மாதம் இவ்வளவு என்று பணம் கேட்டபோது என்ன நடந்தது என்பதைத்தான் எழுத வருகிறேன்.

என் அக்கா ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பதினோரு வருஷம் தையல் மிஷினில் உட்கார்ந்தவள். முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்கிற ஆலையில், ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் இருக்க வேண்டும் என்று 1948ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தில் இருந்தது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம் என்று 2017இல் மகப்பேறு சட்டத்திலும் திருத்தம் வந்தது. அக்கா வேலை செய்த கம்பெனியிலும் அப்படி ஓர் அறை இருந்தது. தொட்டில் இருந்தது, பொம்மை இருந்தது, பூட்டும் இருந்தது. ஷூ வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் சோதனைக்கு வரும் நாளில் மட்டும் பூட்டைத் திறப்பார்கள். மற்ற நாளில் பிள்ளைகள் எங்கே? கண் தெரியாத பாட்டியிடம். இல்லையென்றால் மூத்த பெண்பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கும். என் தம்பிக்காக நானும் அப்படி ஒரு வருஷம் வீட்டில் நின்றவள்தான். இதையெல்லாம் பார்த்துத்தான் அக்கா 2022இல் வேலையை விட்டுவிட்டுக் காப்பகம் ஆரம்பித்தாள்.

காலனிக்குள் வைத்தால் காலனிப் பிள்ளை மட்டும்தான் வரும் என்று காலனிக்கும் டவுனுக்கும் நடுவில், மெயின்ரோட்டை ஒட்டி வீடு பிடித்தாள். வாடகை 4,500. ஒரு பிள்ளைக்கு மாதம் 1,200. வாடகை, கேஸ், கூட இருக்கிற பெண்ணுக்குச் சம்பளம் எல்லாம் போகப் பத்துப் பிள்ளையாவது வேண்டும். வந்தது நாலு. நாலும் எங்கள் தெருப் பிள்ளைகள்.

"நோட்டீஸ் எழுதித் தரேன்க்கா" என்றேன். "நோட்டீஸப் படிச்சிட்டு எவடி பெத்த புள்ளய குடுப்பா?" என்றாள்.

சாயந்தரம் ஷிப்டு விடுகிற நேரத்தில் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் போய் நின்றாள். பழகிய முகங்கள்தான். அவர்கள் கேட்டது நாலைந்து கேள்விதான். அடிப்பீங்களா? தூங்கறதுக்கு மருந்து ஊத்துவாங்களாமே? மூத்திரத்துணிய உடனே மாத்துவீங்களா? ஓவர்டைம் ஆச்சின்னா புள்ளய வெளிய ஒக்கார வெச்சிடுவீங்களா? அக்கா வாயால் பதில் சொல்லவில்லை. முதல் மூன்று நாள் காசு கிடையாது, பெற்றவள் கூடவே உட்கார்ந்து பார்க்கலாம் என்றாள். பகலில் எந்தத் தாயும் எந்த நேரத்திலும் சொல்லாமல் கொள்ளாமல் வரலாம். பிள்ளைக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு. என்ன சாப்பிட்டது, எத்தனை முறை வெளிக்குப் போனது, எத்தனை மணிக்குத் தூங்கியது எல்லாம் அதில் இருக்கும். டீ டைமில் அம்மாவின் போனுக்கு ஒரு போட்டோ போகும். சம்பளம் ஏழாந்தேதி என்றால் பணம் எட்டாந்தேதி. ஓவர்டைமுக்குத் தனிக்காசு இல்லை. ஆறு மாதத்தில் ஒன்பது பிள்ளைகள் ஆனார்கள். அதில் இரண்டு பேர் முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள்.

ஊர்த்தெருவிலிருந்தும் வந்து பார்த்தார்கள். அவர்களுடைய கேள்விகள் வேறு. "சொந்த ஊரு எதும்மா?" "ஊருல எந்தப் பக்கம்?" இதற்குள் கண் சுவருக்குப் போய்விடும். சுவரில் பாபாசாகேப் அம்பேத்கர் படம். பிறகு கடைசிக் கேள்வி: "யாரு சோறாக்கறது?"

"நான்தாம்மா."

ஒரு மாமியாரும் மருமகளும் வந்தார்கள். வீடு பிடித்தது, நோட்டு பிடித்தது. மாமியார் சொன்னார்: "ஒண்ணியும் நெனச்சிக்காதம்மா. எங்க புள்ளைக்கு நாங்களே டப்பா குடுத்தனுப்பறோம். தட்டு, டம்ளரும் குடுத்துடறோம்."

டீக்கடையில் தனிக்கிளாசுக்கு எதிராகப் போராடிய காலனி எங்களுடையது. எங்கள் சொந்த வீட்டுக்கே தனிக்கிளாசு வந்து நின்றது, அதுவும் இரண்டு வயதுப் பிள்ளையின் கையில்.

அக்கா கத்தவில்லை. "டப்பா தாராளமா குடுங்கம்மா. ஆனா இங்க எல்லாம் வட்டமா ஒக்காந்துதான் சாப்புடும். நீங்க குடுக்கறத நடுவுல வெச்சி எல்லாத்துக்கும் ஒரு வாய் குடுப்பேன். எங்க சட்டியில கீறத உங்க புள்ள கேட்டா போடுவேன். கேக்கற புள்ளைக்கு இல்லன்னு சொல்ல எனக்கு வராது" என்றாள். அவர்கள் திரும்பி வரவில்லை. அடுத்து வந்த இரண்டு வீட்டுக்காரர்களும் வரவில்லை. அந்த மாதம் வாடகைக்கு அக்காவின் கம்மல் அடகுக்குப் போனது.

அப்போதுதான் புத்திமதிகள் வந்தன. சுயதொழில் பயிற்சி கொடுக்கிற ஒருவர், பேரை மாற்று, ஒரு சரஸ்வதி காலண்டர் மாட்டு, சமையலுக்கு ஊர்த்தெரு அம்மா ஒருத்தியை வை என்றார். வாடிக்கைக்காரர் மனசறிந்து நடப்பதுதான் வியாபாரமாம். மாமாவே, "படத்த உள்ரூம்ல மாட்டிடேன்" என்றார். டவுனில் வாடகை வீடு கிடைக்கச் சாதியை மறைத்து வாழ்கிற எங்கள் ஆட்கள் எத்தனையோ பேர். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் இங்கே மறைத்தால் யாரிடம் மறைக்கிறோம்? மூன்று வயதுப் பிள்ளைகளிடம். தன் பசியாற்றுகிற கை ஒளித்து வைக்க வேண்டிய கை என்று எங்கள் பிள்ளைகளே எங்களிடம் கற்றுக்கொள்ளும். தவிர, சுவரில் இருக்கிறவர் அந்த வீட்டுக்குச் சம்பந்தமில்லாதவர் இல்லை. 1928இல் பம்பாய்ச் சட்டசபையில் மகப்பேறு உதவி மசோதா வந்தபோது உழைக்கும் பெண்களுக்காக எழுந்து பேசியவர் அவர். அடுத்த வருஷம் அது சட்டமானது. பிள்ளை பெற்ற கூலிக்காரிக்காகப் பேசியவரைப் பிள்ளை வளர்க்கிற வீட்டில் உள்ளறைக்கு அனுப்புவதா? படம் அங்கேயே இருக்கட்டும் என்றாள் அக்கா.

இது ஒரு வீட்டுக் கதை இல்லை. சத்துணவுச் சமையல் வேலையில் தலித்துகளுக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும் என்று 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2018 ஜூலையில் அவினாசி பக்கம் திருமலைக்கவுண்டம்பாளையத்தில் அருந்ததியப் பெண் ஒருவர் பள்ளியில் சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் திரண்டார்கள். அதிகாரிகள் அந்தப் பெண்ணைத்தான் இடம் மாற்றினார்கள். போராட்டத்துக்குப் பிறகே உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. 2023இல் காலை உணவுத் திட்டத்திலும் கரூர் மாவட்டத்தில் இதே பேச்சு எழுந்தது. ஆனால் அங்கே அரசு இருக்கிறது. கலெக்டரிடம் போகலாம், வன்கொடுமைச் சட்டத்தில் வழக்குப் போடலாம். அக்காவிடம் பிள்ளையை அனுப்பாதவர் மேல் எந்த வழக்குப் போடுவது? அரசுப் பள்ளியில் தீண்டாமை என்று பெயர் உள்ளது, காசு கொடுக்கிற இடத்தில் 'வாடிக்கையாளர் விருப்பம்' ஆகிவிடுகிறது.

கடைசியில் ஊர்த்தெருப் பிள்ளையைக் கொண்டுவந்தது அக்காவின் நோட்டும் இல்லை, என் பேச்சும் இல்லை. அக்காவோடு ஒரே வரிசையில் தைத்த பெண் ஒருத்தி, மாமியார் விழுந்து இடுப்பொடிந்த அன்று ராத்திரி எட்டு மணிக்குப் பிள்ளையோடு வந்து நின்றாள். லீவு போட்டால் வேலை போய்விடும். எதுவும் கேட்கவில்லை. முதல் வாரம் டப்பா வந்தது. நடுவில் வைத்தார்கள். பிள்ளை பக்கத்துத் தட்டில் இருந்த முட்டையை எடுத்துத் தின்றது. மூன்றாவது வாரம் டப்பா வரவில்லை. "வீட்ல கேட்டா டப்பா குடுத்தேன்னு சொல்லிக்கறேன்க்கா" என்றாள்.

இன்று அங்கே பதினேழு பிள்ளைகள். நாலு பேர் ஊர்த்தெரு. அதில் இரண்டு வீட்டுக்குத் தங்கள் பிள்ளை யார் சட்டியில் சாப்பிடுகிறது என்று இன்னும் தெரியாது. "இது என்னக்கா ஜெயிப்பு?" என்று சண்டை போட்டேன். "புள்ளைக்குப் பசி. அவளுக்கு பயம். பயத்த அவ பாத்துக்கட்டும். பசிய நான் பாக்கறேன்" என்றாள். எனக்கு அது போதவில்லை.

எல்லாப் பிள்ளைகளும் வர என்ன வழி என்று தோழர்கள் எங்களிடமே கேட்கிறார்கள். சுவரை வெள்ளையடித்தோம், கையைக் கழுவினோம், நோட்டு எழுதினோம். எங்கள் பக்கம் செய்ய வேண்டியது முடிந்துவிட்டது. இனி கம்பெனி வாசலில் கேளுங்கள். பூட்டிக் கிடக்கிற அந்த அறையின் சாவியைச் சங்கங்கள் தங்கள் கோரிக்கையில் சேர்க்கட்டும். சம்பளத்தோடு எங்கள் பெண்களை அங்கே வேலைக்கு வைக்கட்டும், பிள்ளை தூக்க மட்டும் இல்லை, சோறாக்கவும்.