குடும்பப் படத்திற்கு ஆயத்தமா?

உங்கள் கைப்பேசியைச் சற்றுத் திறந்து பாருங்கள். பிள்ளையின் பள்ளி ஆண்டு விழா, உறவினர் வீட்டுக் கல்யாணப் பந்தி, புதிதாய் வாங்கிய குளிர்சாதனப் பெட்டி என்று ஆயிரக்கணக்கான படங்கள் அதில் இருக்கும். ஆனால் உங்கள் குடும்பத்தார் எல்லாரும், உங்கள் சொந்த வீட்டில், இயல்பான முகத்தோடு சேர்ந்திருக்கும் படம் எத்தனை இருக்கிறது? அநேக வீடுகளில் ஒன்றுகூட இராது. இருந்தாலும் அதில் ஒருவர் குறைவுபடுவார். பெரும்பாலும் அந்தப் படத்தை எடுத்த தாயே அவர்.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்பீர்களானால், நான் குடியிருக்கும் ஜோகுபாளையத்தின் தெருமுனைகளில் கட்டப்படும் கண்ணீர் அஞ்சலிப் பதாகைகளைக் காட்டுவேன். அவற்றிலுள்ள முகங்களை நின்று கவனித்திருக்கிறீர்களா? சில முகங்கள் வாக்காளர் அட்டையிலிருந்து பெரிதாக்கப்பட்டவை. சில முகங்கள் யாரோ ஒருவரின் கல்யாணக் குழுப் படத்திலிருந்து வெட்டப்பட்டவை. தோளருகே அடுத்தவரின் கை பாதி தெரியும். அடக்க ஆராதனைக்கு முந்தின இரவில், அழுது வீங்கிய கண்களோடு பிள்ளைகள் அப்பாவின் படத்தைத் தேடுகிறார்கள். அறுபது எழுபது வருஷம் வாழ்ந்து, உழைத்து, சிரித்த ஒரு மனிதருக்கு, அரசு அலுவலகத்தில் இரண்டு வினாடியில் எடுத்த ஒரு படமே மிஞ்சுகிறது. ஊரைவிட்டுப் பட்டணத்திற்குப் பிழைக்க வந்த நம்மைப் போன்றோருக்கு இது இன்னும் கனமான காரியம். பெற்றோர் ஒரு ஊரிலும் நாம் ஒரு ஊரிலும் இருப்பதால், எல்லாரும் கூடியிருக்கும் நாட்களே கொஞ்சம்.

நமக்குக் கேமரா என்றாலே உடம்பு விறைத்துப்போகும். இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1839-ஆம் ஆண்டு பிரான்சில் புகைப்படக் கலை உலகிற்கு அறிவிக்கப்பட்டபோது, ஒரு படம் பதிவாகப் பல நிமிடங்கள் பிடித்தன. பிற்பாடு அந்த நேரம் வினாடிகளாகக் குறைந்தும், தலை அசையாதிருக்கப் பின்கழுத்தில் இரும்புத் தாங்கி வைத்தார்கள். அவ்வளவு நேரம் ஒரே சிரிப்பைப் பிடித்து வைக்க யாரால் கூடும்? ஆகவே முகங்கள் இறுகின.

நம் தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களிலும் அந்த ஒழுங்கே வேரூன்றியது. பின்னால் தூணும் தோட்டமும் வரைந்த திரை, முன்னால் நாற்காலியில் பெரியவர்கள், பின்வரிசையில் நின்றபடி மகன்கள், தரையில் சிறுபிள்ளைகள். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, சுமார் 1880 முதல் 1980 வரையிலான இத்தகைய ஸ்டூடியோப் படங்களைத் தேடிக் கணினியில் பதிவு செய்திருக்கிறார்கள். அப்படங்களில் சிரிப்பு அரிது. ஆயுளில் ஓரிரு முறையே ஸ்டூடியோவுக்குப் போன மக்கள் அவர்கள். படம் எடுப்பது அவர்களுக்குப் பத்திரத்தில் கையெழுத்திடுவதைப் போன்ற காரியம். பிலிம் சுருள் வந்த பிறகும், ஒரு சுருளில் 36 படங்களே இருந்தபடியால், "அசையாதே, கண் சிமிட்டாதே" என்ற கட்டளை மாறவில்லை. இன்று நம் கையில் கணக்கில்லாமல் எடுக்கும் கருவி இருக்கிறது. ஆனாலும் தாத்தாவின் விறைப்பு நம் தோள்களில் இன்னும் இருக்கிறது.

"சரி, சிரியுங்கள்" என்று சொன்னால் போதாதா? போதாது. 1862-ஆம் ஆண்டு துஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர், முகத்தின் தசைகளைக் குறித்துப் புகைப்படங்களோடு ஒரு நூல் வெளியிட்டார். உதட்டோரத்தை மேலே இழுக்கும் தசை நம் விருப்பத்திற்குக் கீழ்ப்படியும். கண்ணைச் சுற்றியுள்ள தசையோ உண்மையான மகிழ்ச்சிக்கே கீழ்ப்படியும் என்று அவர் கண்டார். பின்வந்த ஆய்வாளர்கள், சிலரால் அதையும் ஓரளவு முயன்று அசைக்க முடியும் என்று காட்டினாலும், நம்மில் பெரும்பாலோருக்கு அவர் சொன்னதே பொருந்தும். கட்டளைக்குச் சிரிக்கும்போது வாய் மட்டும் சிரிக்கிறது. கண் சும்மா இருக்கிறது. படத்தைப் பார்ப்பவர் காரணம் அறியாமலே, "ஏதோ போலியாய் இருக்கிறதே" என்பார்.

ஆகவே இயல்பான படத்திற்கான ஆயத்தம் முகத்தில் ஆரம்பிப்பதில்லை. மகிழ்ச்சி தானாக வரக்கூடிய ஒரு வேளையை வீட்டில் உண்டாக்கிக் கொடுப்பதே முதல் ஆயத்தம்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுகிறேன். என் பெற்றோர் கோலார் தங்கவயலைச் சேர்ந்தவர்கள். 2001-ஆம் ஆண்டு சுரங்கம் மூடப்பட்டபின், அநேக தமிழ்க் குடும்பங்களைப் போல எங்கள் குடும்பமும் பிழைப்புக்குப் பெங்களூரை நோக்கி வந்தது. அல்சூர் ஏரிக்கு அருகே, ஜோகுபாளையத்தின் ஒரு குறுகிய சந்தில், இரண்டு அறை வீட்டில் இருக்கிறோம். என் கணவருக்குச் சுழற்சி முறை வேலை. மகன் கல்லூரியிலும் மகள் பள்ளியிலும் படிக்கிறார்கள். எழுபதைத் தாண்டிய என் அம்மா எங்களோடிருக்கிறார். கல்யாணங்களுக்குப் படம் எடுக்கும் தொழிலைச் செய்கிற ஒரு சகோதரர் எங்கள் சபையில் உண்டு. அவரை ஒரு ஞாயிறு மதியம் சாப்பிட அழைத்து, "எங்கள் எல்லாரையும் வீட்டிலேயே ஒரு படம் எடுத்துத் தாருங்கள், தம்பி" என்றேன்.

வந்தவர் கேமராவைப் பையைவிட்டு எடுக்கவே இல்லை. முதலில் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். அம்மாவிடம் தங்கவயலைப் பற்றி விசாரித்தார். பிறகு எழுந்து, "அக்கா, இந்த டியூப் லைட்டை அணைச்சிடுங்க. கதவை நல்லா திறந்து வைங்க" என்றார். குழல் விளக்கின் வெளிச்சம் ஒரு நிறம், பகல் வெளிச்சம் ஒரு நிறம். இரண்டும் கலந்தால் முகத்தின் ஒரு பாதி வேறு நிறமாய்த் தெரியும் என்று விளக்கினார். வாசலுக்குள் மூன்றடி தள்ளிப் பாயை விரித்தார். சிறிய வீட்டில் திறந்த வாசலே பெரிய ஜன்னல். வெயில் நேரே விழாத நேரத்தில் அங்கே வரும் வெளிச்சம் மென்மையாய் முகத்தில் படிகிறது. எதிர்வீட்டுச் சுவர் அடர்ந்த பச்சையாயிருந்தால் அந்த நிறமும் முகத்தில் படியும் என்றும், வாசலின் மேல் கட்டிய நீலத் தார்ப்பாயைச் சற்று மடக்கி வைப்பது நல்லது என்றும் சொன்னார்.

அம்மா மாத்திரம் வரவில்லை. "இந்த வயசுல எனக்கு எதுக்குப்பா போட்டோ? பிள்ளைங்கள எடு" என்று அடுக்களையிலேயே இருந்துகொண்டார். அந்தச் சகோதரர் வற்புறுத்தவில்லை. "பாட்டி, இந்தக் கீரையை இங்க வெளிச்சத்துல உக்காந்து ஆயலாமே" என்று முறத்தைத் தூக்கி வந்து பாயின்மேல் வைத்தார். அம்மா வந்து உட்கார்ந்தார். மகள் அருகே உட்கார்ந்து முருங்கைக்கீரையை உருவத் தொடங்கினாள். காம்பையும் சேர்த்துப் போடுகிறாள் என்று அம்மா அவள் கையில் செல்லமாய்த் தட்ட, மகன் கேலி செய்ய, இரவு வேலை முடித்துத் தூங்கி எழுந்த என் கணவர் தேநீர்க் குவளையோடு வந்து சேர, நானும் கீரையில் கைவைத்தேன். கேமராவை எப்பொழுது எடுத்தார், எப்பொழுது சந்தில் இறங்கி நின்றார் என்பதை எங்களில் ஒருவரும் கவனிக்கவில்லை. அம்மா வாய்விட்டுச் சிரிக்கும் ஒரே படம் எங்களிடம் அதுதான்.

வாசகரே, தொழில் அறிந்த ஒருவர் இல்லாமலும் இதை நீங்கள் செய்யலாம். சில காரியங்களை மாத்திரம் மனதில் வையுங்கள்.

நாளும் வேளையும்: எல்லாரும் வீட்டிலிருக்கும் நாளைத் தெரிந்துகொண்டு, ஒரு வாரத்திற்கு முன்பே சொல்லிவிடுங்கள். பசியோடும் தூக்கத்தோடும் இருக்கும் குழந்தையிடம் சிரிப்பை எதிர்பார்க்க வேண்டாம். சாப்பிட்டு, தூங்கி எழுந்த வேளையே உகந்தது. மொட்டை மாடியில் எடுப்பதானால் உச்சிவெயிலைத் தவிருங்கள். தலைக்குமேல் நிற்கும் சூரியன் கண்குழிகளை இருட்டாக்கிவிடும். காலை எட்டரை மணிக்குள்ளும் மாலை ஐந்து மணிக்கு மேலும் வெளிச்சம் இதமாயிருக்கும். டிசம்பரில் பெங்களூரில் ஆறு மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுவதால், அம்மாதத்தில் அரை மணி முன்னதாகவே தொடங்குங்கள்.

உடை: புத்தாடை வேண்டாம். புதிய சட்டையின் கழுத்துப்பட்டி உறுத்தும்போது மனமும் உறுத்தும். நன்றாய்த் துவைத்த, பழகிய உடையே போதும். நெருக்கமான மெல்லிய கோடுகள் உள்ள துணி படத்தில் அலையடித்தாற்போல் தெரியும். நம்மவர் வீடுகளில் ஆராதனைக்குரிய வெள்ளை உடையிலேயே படம் எடுக்கும் வழக்கம் உண்டு. வெள்ளை மிகுந்த படத்தில் கைப்பேசி ஏமாந்து முகங்களைக் கறுக்கச் செய்யும். திரையில் ஒரு முகத்தின்மேல் விரலால் தொட்டால், அந்த முகத்திற்கு ஏற்ப வெளிச்சத்தைச் சரிசெய்துகொள்ளும்.

வீடு: வீட்டைக் காலி செய்ய வேண்டாம். கண்ணை உறுத்தும் பிளாஸ்டிக் பை, காயும் துணி இவற்றை மாத்திரம் அகற்றுங்கள். அப்பாவின் நாற்காலியும், தையல் இயந்திரமும், பள்ளிப் பைகளும் இருக்கட்டும். இருபது வருஷம் கழித்து உங்கள் பிள்ளைகள் முகங்களுக்கு அடுத்தபடியாகத் தேடுவது அவற்றைத்தான்.

தூரம்: கைப்பேசியின் வழக்கமான கண்ணாடி அகன்ற பார்வை உடையது. அருகில் நின்று எடுத்தால் ஓரத்திலிருப்பவரின் முகம் இழுபட்டு அகலமாகிவிடும். ஆறேழு அடி பின்னே போய், இருமடங்கு பெரிதாக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். உள்ளே இடமில்லையானால் வாசலுக்கு வெளியே நின்று உள்நோக்கி எடுக்கலாம்.

வேலை: ஒவ்வொருவர் கைக்கும் ஒரு வேலை கொடுங்கள். பூண்டு உரிப்பது, மாவு பிசைவது, பழைய ஆல்பத்தைப் புரட்டுவது, பேத்திக்குத் தலை பின்னுவது எதுவானாலும் சரி. கைக்கு வேலை கிடைத்தால் முகம் தன்னை மறக்கும். வளர்ந்த பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தாமல், எந்த இடத்தில் எடுக்கலாம் என்று அவர்களிடமே ஆலோசனை கேளுங்கள்.

தாய்: எப்போதும் கைப்பேசியைப் பிடித்திருக்கும் தாயைப் படத்திற்குள் கொண்டுவாருங்கள். பத்து நிமிடம் வந்து எடுத்துத் தரும்படி அண்டைவீட்டாரைக் கேட்டால் மறுக்கமாட்டார்கள்.

எடுத்த பின்பும் ஒரு கடமை உண்டு. என் அப்பாவின் தகரப் பெட்டியில், தங்கவயலின் லைன் வீட்டு வாசலில் எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறது. ஐந்து பேர் நிற்கிறார்கள். நான்கு பேரின் பெயரை அம்மா சொல்லுகிறார். ஐந்தாவது வாலிபன் அப்பாவின் தோள்மேல் கைபோட்டிருக்கிறான். அவன் யார் என்று சொல்ல இன்று உயிரோடு ஒருவருமில்லை. படத்தின் பின்பக்கம் வெறுமையாயிருக்கிறது.

ஆகையால் நல்ல படம் ஒன்றைத் தெரிந்தெடுத்து அச்சிடுங்கள். பெயர்கள், ஊர், வருஷம் ஆகியவற்றைப் பின்புறத்தில் எழுதுங்கள். இக்காலத்துப் படத்தாள் வழவழப்பானதாகையால் பென்சில் பிடிக்காது. அழியாத மை கொண்ட மெல்லிய முனைப் பேனாவால் அழுத்தாமல் எழுதி, காயவிட்டு அடுக்குங்கள். வெயில் படும் சுவரில் மாட்டினால் நிறம் வெளுத்துப்போகும். ஊரிலிருப்போருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஆவணமாக அனுப்புங்கள். சாதாரணமாய் அனுப்பினால் படம் சுருங்கித் தெளிவை இழக்கும். ஒரு பிரதி ஊரிலுள்ள பெற்றோர் வீட்டிலும் இருக்கட்டும். ஒரு கைப்பேசி தொலைந்துபோனால் ஒரு குடும்பத்தின் பத்து வருஷம் தொலைந்துபோகக் கூடாதல்லவா?

பிரியமானவர்களே, "கொஞ்சம் உடம்பு இளைக்கட்டும், சொந்த வீடு வாங்கட்டும், சுவருக்கு வண்ணம் அடிக்கட்டும், அப்புறம் எடுக்கலாம்" என்று தள்ளிப்போடாதிருங்கள். வாடகை வீடும் நம் வீடே. நரைத்த தலையும் நம் அம்மாவின் தலையே. இந்த மாதத்தில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடப்போகும் ஒரு நாளை இன்றைக்கே நாட்காட்டியில் குறித்து, ஊரிலிருந்து வரவேண்டியவர்களுக்குச் சொல்லி அனுப்புங்கள்.