ஆந்தை நேரம்

மொன்டானாவில் ஆகஸ்ட் மாதத்து ஆறுகளைப் பற்றிப் பேசுவோரிடம் நான் அடிக்கடி கேட்ட சொல் 'ஹூட் ஔல்'. அலறும் ஆந்தை என்பது அதன் நேர்ப்பொருள். ஆற்றுநீரின் உச்ச வெப்பநிலை தொடர்ந்து மூன்று நாட்கள் 73 டிகிரி பாரன்ஹீட்டை, செல்சியஸில் ஏறத்தாழ 23 டிகிரியை, எட்டினால், பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை அப்பகுதியில் தூண்டில் போடுவதை மாநில அரசு தடை செய்யலாம். அந்தத் தடைக்குத்தான் இப்பெயர்.

தொழிற்சொற்களே என் முனைவர் பட்ட ஆய்வுப்பொருள் என்பதால் பெயர் வந்த வழியைத் தேடினேன். இது ஆற்றில் பிறந்த சொல்லன்று. மேற்கு அமெரிக்கக் காடுகளில் மரம் வெட்டியவர்கள், கோடைக் கடைசியில் காடு காய்ந்து தீப்பொறிக்கு அஞ்சும் நாட்களில், விடியுமுன் வேலை தொடங்கி வெயில் ஏறியதும் நிறுத்திவிடுவார்களாம். அந்த இருளில் ஆந்தையின் குரல் கேட்கும். 'டிசம்பர் சூடினாள்' என்னும்போது காலத்தின் பெயர் பூவுக்கு ஆகிவருகிறது. இங்கோ பறவையின் பெயர் காலத்துக்கு ஆகிவந்து, பின்னர் ஒரு விதியின் பெயராகவும் ஆயிற்று. உழைக்கும் நேரத்தைச் சுட்டிய சொல், ஓயவேண்டிய நேரத்தைச் சுட்டுகிறது. ஆந்தை அலறினால் ஆகாது என்று கேட்டு வளர்ந்த எனக்கு இதில் வியப்பொன்றும் இல்லை.

மிசூலா நகரருகே பிட்டர்ரூட் ஆற்றுக்கு என்னை அழைத்துச் சென்றவர் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர். டிரவுட் மீனுக்குச் செயற்கை ஈ கட்டி வீசும் தூண்டில் அவருடையது. நம் ஊர்த் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துச் செல்லும். இதிலோ பருத்த நூலின் கனமே எடையற்ற ஈயைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. திரைப்படங்களில் தலைக்கு மேல் நூல் வளைந்து வளைந்து பறப்பது அழகுக்காக என்று எண்ணியிருந்தேன், அது இயற்பியல். ஈ நீரில் விழுந்தபின்தான் உண்மையான வேலை தொடங்குகிறது. நீரோட்டம் நூலை இழுக்க, நூல் ஈயை இழுத்தால், மீன் உடனே ஐயுறும். ஆகவே நூலை மட்டும் மெல்ல மேல்நீர்ப் பக்கம் தூக்கிப் போட்டு, ஈ தன்போக்கில் மிதக்குமாறு செய்யவேண்டும்.

கோடைப் பிற்பகுதியின் இரை வெட்டுக்கிளி. பனியுருகி வரும் வெள்ளம் வடிந்து, பாசனத்துக்கும் நீர் பிரிந்துபோய், ஆறு இளைத்திருக்கும். கரையோரப் புல்வெளிகள் காய்ந்திருக்கும். வெயில் ஏற ஏற வெட்டுக்கிளிகள் துள்ளத் தொடங்கும். பிற்பகல் காற்று அவற்றை ஆற்றில் தள்ளும். அரிக்கப்பட்ட கரையின் நிழலில் மீன் காத்திருக்கும். தூண்டில்காரருக்கு இதைவிட நல்ல நேரம் இல்லை. மீனுக்கு இதைவிடக் கெட்ட நேரமும் இல்லை. நீர் சூடேறும்போது அதில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறைகிறது, குளிர்நீர் மீனுக்கோ அப்போதுதான் அது கூடுதலாகத் தேவைப்படுகிறது. முள்ளில் மாட்டிப் போராடிய மீன், கையை விட்டு நீந்திப் போன பின்னரும், சில மணி நேரம் கழித்து இறக்கக்கூடும். விட்டவர் அதைப் பார்ப்பதில்லை.

அன்று காலை அகப்பட்டது ஒரு கட்த்ரோட்: தாடைக்கு அடியில் செந்நிறக் கீற்றுள்ள, அம்மண்ணுக்கே உரிய டிரவுட். அதன் அறிவியல் பெயரில் லூயிஸ், கிளார்க் என்ற இரு பயணிகளும் குடியிருக்கிறார்கள். அதை அவர்களுக்கு முன்பே அறிந்திருந்த சாலிஷ் மக்களின் சொல்லுக்கு அங்கே இடமில்லை. பேராசிரியர் மீனை நீரை விட்டு வெளியே எடுக்கவே இல்லை. தலையை நீரோட்டத்துக்கு எதிரே பிடித்திருந்து, அது தானாக வாலசைத்தபின் கையைத் திறந்தார். இதற்குத் தமிழில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டார். 'பிடித்துவிட்டேன்' என்று சேர்த்து எழுதினால் காரியம் முடிந்தது என்று பொருள். 'பிடித்து விட்டேன்' என்று பிரித்தால் மீன் ஆற்றுக்குத் திரும்பிவிட்டது என்றேன். பேச்சில் பெரும்பாலும் இரண்டும் ஒன்றுபோலவே ஒலிக்கும். அவர் சிரிக்கவில்லை. "விட்டதும் முடிந்துவிடுகிறதா?" என்று மட்டும் கேட்டார்.

முதியவர்களிடம் சொல் திரட்டும் நம்மில் பலருக்கு இக்கேள்வி பழக்கமானதாக இருக்கவேண்டும். "பரவாயில்லை, கேளுங்க தம்பி" என்று எழுபத்தெட்டு வயதுக்காரர் சொல்வதை ஒலிப்பதிவுக் கருவி பதிந்துகொள்கிறது. நாம் கிளம்பியபின் அவர் எவ்வளவு நேரம் படுத்துக் கிடந்தார் என்பது எந்தக் கோப்பிலும் இல்லை. ஒப்புதல் படிவம் சட்டத்தின் 2 மணியைப் போன்றது. அதற்கு முன்பே நிறுத்தவேண்டிய நாட்கள் உண்டு.

பேராசிரியரிடம் கயிற்றில் கட்டிய ஒரு வெப்பமானி இருந்தது. பன்னிரண்டரைக்கு அதை நீரில் இறக்கிப் பார்த்தார். 20 டிகிரி செல்சியஸைத் தொட்டிருந்தது. நூலைச் சுற்றிவிட்டு ரொட்டியை எடுத்தார். எதிர்க்கரையோரம் வெட்டுக்கிளிகள் விழுந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நீர்வளையம் எழுந்து விரிந்தது. கீழே ஒரு படகிலிருந்து இருவர் இன்னும் வீசிக்கொண்டிருந்தார்கள். சட்டப்படி அவர்களுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.