மகன் வாங்கிய மோட்டார்

சென்ற ஆண்டுக் கோடையில் நானும் என் இல்லாளும் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் வசிக்கும் எங்கள் மகன் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தோம். போய் இறங்கிய நான்காம் நாள், அவன் ஒரு புதிய மோட்டார் வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, "எப்படி இருக்கிறது அப்பா?" என்று கேட்டான்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. புது வண்டி என்கிறான். பார்வைக்கோ, பழைய திரைப்படங்களில் ஜமீன்தார் வீட்டுப் பிள்ளை ஓட்டிவரும் வண்டியைப் போல் இருந்தது. நீண்ட மூக்கு, அதன் மேல் வரிசை வரிசையாகக் காற்றுப் பிளவுகள், உருண்டை விளக்குகள், முன் சக்கரத்தின் மேல் எழுந்து அலைபோல் பின்னோக்கி இறங்கும் மட்கார்டுகள், மெல்லிய கம்பி ஆரங்கள் கொண்ட சக்கரங்கள். மார்கன் பிளஸ் ஃபோர் என்பது அதன் பெயராம். விலையைக் கேட்டு ரூபாயாக மாற்றிப் பார்த்தேன். அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. கல்கத்தாவில் ஒரு நல்ல வீடே வாங்கியிருக்கலாம்.

என் இல்லாளின் குறை வேறு. "ஏனடா, நாங்கள் இருவரும் வந்திருக்கும் சமயம் பார்த்தா இரண்டு பேர் மட்டும் உட்காரும் வண்டியை வாங்கினாய்?" என்றாள். உண்மைதான். பின் இருக்கை இல்லை. பெட்டி வைக்கத் தனி அறையும் இல்லை. இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள இடுக்கில் இரண்டு பைகள் அடங்கும். மேற்கூரை துணிக்கூரை, அதைக் கையால்தான் விரிக்கவும் மடக்கவும் வேண்டும். கதவுக் கண்ணாடியோ மேலும் கீழும் ஏறி இறங்காது. வேண்டாத போது கழற்றி வைத்துவிட வேண்டியதுதான்.

ஒரு வாரம் வரையில் நான் அதில் ஏறவில்லை. அவனும் வற்புறுத்தவில்லை. ஆனால் பலகணி வழியே அவனைக் கவனித்து வந்தேன். காலையில் அரை மணி முன்னதாக எழுந்து வண்டியைத் துடைப்பான். தெருவில் போகும் முதியவர்கள் நின்று நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். அவர்களில் ஒருவர், "அடிச்சட்டமும் மரம்தானே?" என்று கேட்டார். அல்லவென்று அவன் சிரித்தபடி விளக்கினான். அடிச்சட்டம் 1936 முதல் எஃகினால் ஆனது. 2019-இல் தொடங்கிய புதிய வரிசையில் அலுமினியம். மரம் என்பது அதன்மேல் எழும் கூடு மட்டுமே. ஆஷ் மரத்தில் கூடு கட்டி அதன்மேல் அலுமினியத் தகட்டைப் போர்த்துகிறார்கள்.

மரம் என்ற சொல் என் காதில் விழுந்ததும் என் மனம் சிறிது அசைந்தது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை, "இது பிறந்த ஊரைப் பார்த்து வரலாம், வாருங்கள்" என்று அழைத்தான். மற்ற வண்டிகளில் ஏறுகிறோம். இதில் இறங்கித்தான் உட்கார வேண்டும். எழுபது வயதைக் கடந்த முழங்கால்கள் முனகின. உட்கார்ந்த பிறகோ, தரை கைக்கெட்டும் தூரத்தில் ஓடுவது கண்டு சற்று அஞ்சினேன். இஞ்சின் ஜெர்மானிய பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தது, 255 குதிரைசக்தி. வண்டியின் எடையோ ஏறத்தாழ 1,000 கிலோதான். அவன் காலைச் சற்றே அழுத்தியதும் என் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. காற்று காதில் இரைந்தது. வெட்டிய புல்லின் மணமும், மழை நனைத்த மண்ணின் மணமும் தடையின்றி வந்தன. நாற்பதாண்டு காலம் டிராமிலும் பேருந்திலும் அலுவலகம் போய்வந்தவனுக்கு இது புது அனுபவம். சிறு பிள்ளையாகப் பாரவண்டியின் முன்பலகையில் உட்கார்ந்து போன நாட்களே நினைவுக்கு வந்தன.

மால்வெர்ன் குன்றுகள் தொலைவிலேயே நீலமாகத் தெரிந்தன. அவ்வூரில்தான் எச். எஃப். எஸ். மார்கன் 1909-இல் தம் முதல் மூன்று சக்கர வண்டியைச் செய்தார். 1950-இல் முதல் பிளஸ் ஃபோர் வந்தபோது அதில் இருந்தது ஸ்டாண்டர்டு வான்கார்டு காரின் இஞ்சின். நம் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தார் முதலில் பூட்டி விற்ற அதே வான்கார்டுதான்! 1990-இல் ஜான் ஹார்வி ஜோன்ஸ் என்னும் தொழில் வல்லுநர் பி.பி.சி. தொலைக்காட்சிக்காக இத்தொழிற்சாலைக்கு வந்து, வண்டிக்காகப் பல்லாண்டு காத்திருப்போரைக் கண்டு, உற்பத்தியைப் பெருக்குமாறு அறிவுரை கூறினார். வீட்டார் கேட்கவில்லை. அவசரப்படாமலே நடத்திவந்தார்கள்.

தொழிற்சாலை என்றதும் நம் உத்தரபாராவில் 2014 வரை அம்பாசடர் செய்த ஆலையைப் போன்ற ஒன்றை எதிர்பார்த்தேன். இங்கே கண்டவை செங்கற்கொட்டகைகள். பாதி முடிந்த வண்டிகளை ஆட்களே ஒரு கொட்டகையிலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளிச் செல்கிறார்கள். மரக் கொட்டகையில் நுழைந்ததும் என் கால்கள் நின்றுவிட்டன. இழைத்த மரத்தின் வாசனை! கிரிக்கெட் ஆட்டத்தில் நடும் குச்சிகளுக்கு உரிய ஆஷ் மரம். வளைந்து கொடுக்கும், எளிதில் முறியாது. மூன்று மெல்லிய பட்டைகளுக்கிடையே பசை தடவி, அச்சில் வைத்து இறுக்கி, பின் சக்கரத்திற்கு மேலமையும் வளைவைச் செய்கிறார்கள். ஒருவர் கட்டைவிரலால் மரத்தின் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, மீண்டும் இழைத்தார், மீண்டும் தடவினார்.

அந்தக் கட்டைவிரலை நான் அறிவேன். அது என் தகப்பனாருடையது.

திருநெல்வேலிச் சீமையில் அவர் வண்டி வேலை செய்த தச்சர். கருவேல மரத்தில் குடம் கடைந்து, ஆரக்கால் பூட்டி, வட்டை சேர்ப்பார். வறட்டித் தீயில் பழுத்த இரும்புப் பட்டையைச் சக்கரத்தில் ஏற்றி, நீரூற்றி இறுக்கும் நாளில் ஊரே கூடி நிற்கும். ரப்பர்ச் சக்கரமும் டிராக்டரும் வந்தன. அவர் கைக்கு வேலை குறைந்தது. கல்லூரியில் படித்துக் கல்கத்தாவுக்கு வந்த நான், தகப்பனார் என்ன செய்தார் என்று கேட்டவர்களிடமெல்லாம் "விவசாயம்" என்றே சொல்லி வந்தேன். என் மகனிடமும் அப்படித்தான் சொன்னேன். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சொன்ன பொய் அது.

திரும்பும் வழியில் அவனிடம் உண்மையைச் சொன்னேன். இருவர் மட்டுமே அமரும் வண்டியாக இருந்ததால் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன். அவன் சாலையை விட்டுக் கண்ணெடுக்காமல், "தெரியும் அப்பா. அத்தை எப்போதோ சொன்னார்கள். நீங்களாகச் சொல்லட்டும் என்று இருந்தேன்" என்றான்.

"அதனால்தான் இந்த மர வண்டியை வாங்கினாயா?" என்று கேட்டேன்.

"இல்லை அப்பா. பிடித்திருந்தது, வாங்கினேன்" என்று சிரித்தான். அந்த நேர்மையும் எனக்குப் பிடித்தது. பிறகு வீடு வரும்வரை தாத்தாவைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தான். குடத்தில் எத்தனை ஆரக்கால்? பட்டையின் அளவை எப்படிக் கணித்தார்? எனக்கு விடை தெரியாதவையே மிகுதி. பக்கத்தில் இருந்த காலத்தில் நான் கேட்டறியவில்லை.

விலையைப் பற்றிய என் வருத்தம் முற்றும் தீர்ந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் கல்கத்தா திரும்பியதும் முதல் வேலையாக ஊரிலிருக்கும் என் தங்கைக்குத் தொலைபேசியில் பேசினேன். அப்பாவின் இழைப்புளி இன்னும் அவள் வீட்டுப் பரணில் இருக்கிறதாம். பொங்கலுக்குப் போகும்போது எடுத்துவந்து, துடைத்து, வருவோர் காணும்படி எங்கள் கூடத்தில் வைக்கப்போகிறேன். யாரேனும் கேட்டால், இம்முறை சரியான விடை சொல்வேன்.