எஃகும் குளிரும்

மோட்டார் வண்டியின் எஞ்சினுள் ஓய்வின்றி உழைக்கும் உறுப்புகள் பல. நான்கடிப்பு எஞ்சின் ஒன்று நிமிடத்திற்கு 3,000 சுற்றுச் சுழலுங்கால், அதன் வால்வு ஒவ்வொன்றும் நொடிக்கு 25 முறை திறந்து மூடும். ஒரு மணி நேரத்தில் அஃது 90,000 முறையாகும். வால்வை உந்தும் கேம் தண்டும் அத்தனை முறை உராய்வை ஏற்கின்றது. ஆற்றலைக் கடத்தும் பற்சக்கரங்களோ பல்லோடு பல் மோதியே காலங்கழிக்கின்றன. இவற்றுள் ஒன்று சிறிது தேயினும் பொறியின் ஒழுங்கு குலையும். விரையும் வேளையில் ஒன்று முறியின் வண்டியிலிருப்போர் உயிர்க்கே ஊறு நேர்தலும் கூடும். ஆதலின் இவ்வுறுப்புகளை வலியுறச் செய்யும் வழிகளை அறிஞர் நெடுங்காலமாக நாடி வந்துள்ளனர். கடுங்குளிர் ஊட்டுதல் அவ்வழிகளுள் ஒன்று.

எஃகிற்கு உறுதி தருவது தீ என்பது உலகோர் எண்ணம். அது மெய்யே, ஆயினும் முழு மெய்யன்று. எஃகு என்பது இரும்பும் சிறிதளவு கரியும் கலந்த கலவை. அதனைச் செந்நிறம் பெறக் காய்ச்சுங்கால் கரி இரும்பினுள் கரைந்து பரவும். இங்கிலாந்து அறிஞர் ராபர்ட்ஸ் ஆஸ்டெனின் பெயரால் அந்நிலையை ஆஸ்டெனைட் என்பர், அது மென்மையானது. அவ்வெஃகை நீரிலோ எண்ணெயிலோ சட்டெனத் தோய்ப்பின், கரி வெளியேற நேரமின்றி உள்ளேயே சிறைப்படும். அணுக்களின் அடுக்கு மாறும். எஃகு கடுமை பெறும். இக்கடிய நிலை, ஜெர்மானிய அறிஞர் மார்ட்டென்சின் பெயரால் மார்ட்டென்சைட் எனப்படும். கொல்லர் தம் தோய்ச்சலால் எஃகு கடினமாவது இவ்வாறே.

இம்மாற்றம் வெப்பம் இறங்க இறங்கவே நிகழ்வது. கரி மிகுந்த எஃகில், அறையின் வெப்பநிலையை எய்திய பின்னும் அது முற்றுப்பெறுவதில்லை. ஆதலின் மாறாத மென்பகுதி, கடிய பகுதியினிடையே ஆங்காங்குத் தங்கிவிடும். கண்ணுக்குப் புலனாகாத இவ்வெச்சம் பின்னர்த் தீங்கு விளைத்தலும் உண்டு. பொறி இயங்குங்கால் அழுத்தத்தால் அது காலங்கடந்து மாறும். மாறும் பகுதி கொள்ளளவில் நூற்றுக்கு ஏறத்தாழ 4 பங்கு பருக்கும். நுட்பமாகக் கடைந்து பொருத்திய உறுப்பு தன் அளவினின்றும் பிறழ இது போதும்.

எஞ்சியதை முன்னரே மாற்றிவிட வேண்டுமாயின், பனிக்கட்டியின் குளிர் போதாது. காற்றில் நூற்றுக்கு 78 பங்காக உள்ள நைட்ரஜனைத் திரவமாக்கின், அது பூச்சியத்திற்குக் கீழ் 196 பாகை செல்சியசில் கொதிக்கும். அத்துணைக் குளிரை ஆக்கும் வல்லமை மனிதனுக்கு எளிதில் வாய்த்ததன்று. மைக்கேல் பாரடே 1819ஆம் ஆண்டில், ஊட்ஸ் எனப் பெயர்பெற்ற இந்திய எஃகை ஆராய்ந்தார். 1823ஆம் ஆண்டில் குளோரின் வளியைத் திரவமாக்கினார். எஃகையும் குளிரையும் ஒருங்கே பயின்ற அப்பெரியாருக்கும் நைட்ரஜன் வசப்படவில்லை. 1883ஆம் ஆண்டில் கிராக்கோவ் நகரில் விரோப்லெவ்ஸ்கி, ஓல்செவ்ஸ்கி என்னும் போலந்து அறிஞர் இருவர் அதனைத் திரவமாக்கினர். 1895ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கார்ல் வான் லிண்டே காற்றைப் பேரளவில் திரவமாக்கும் முறையைக் கண்டார். அதன் பின்னரே கடுங்குளிர் தொழிலாளர் கைக்கு எட்டும் கருவியாயிற்று.

அக்கருவியைக் கையாளுதற்குப் பொறுமை வேண்டும். எஃகைத் திரவத்துள் திடுமென அமிழ்த்தின், புறம் சுருங்க அகம் சுருங்காது நிற்கும். அதனால் வெடிப்புத் தோன்றலாம். ஆதலின் உறுப்புகளை மூடிய பேழையுள் வைத்து, நைட்ரஜன் ஆவியைச் சிறிது சிறிதாகச் செலுத்திப் பல மணி நேரம் குளிர்விப்பர். கடுங்குளிரில் ஒரு நாள் அளவு இருத்திய பின், முன்போல் மெல்லவே மீட்பர். இறுதியில் 150 முதல் 200 பாகை வரை சூடேற்றுவர். புதிதாகத் தோன்றிய கடிய பகுதி நொறுங்காதிருத்தற்கு இச்சூடு இன்றியமையாதது. இம்முறையால் எஃகினுள் மிக நுண்ணிய கார்பைடுத் துகள்கள் பரவித் தோன்றித் தேய்மானத்தைத் தடுக்கின்றன என்றும் ஆராய்ச்சியாளர் கூறுவர்.

குளிர் எஃகை நொறுங்கச் செய்யுமன்றோ எனின், செய்யும். 1943ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், அமெரிக்காவின் போர்ட்லாந்துத் துறையில் அமைதியாக நின்ற ஸ்கெனெக்டடி என்னும் புதிய எண்ணெய்க் கப்பல் பேரொலியுடன் பிளந்தது. அதன் எஃகு குளிரில் நெகிழ்ச்சியை இழந்திருந்தது; பற்றவைப்பின் குறையும் உடன் சேர்ந்தது. ஆயினும் குளிரால் வரும் அந்நொறுங்குந்தன்மை குளிர் உள்ளவரையே நிற்பது. எஃகின் உள்ளடுக்கில் நேர்ந்த மாற்றமோ குளிர் நீங்கிய பின்னும் நிலைப்பது.

இம்முறை எல்லா உலோகத்திற்கும் ஒரே மருந்து எனக் கருதுதல் பிழை. அமெரிக்கப் பேராசிரியர் ரேண்டல் பாரன் 19 உலோகங்களைச் சோதித்து 1982ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். கருவி செய்யும் எஃகுகள் தேய்மானத்தை வெகுவாகத் தாங்கின. துருவேறா எஃகுகள் சிறிதே பயன்பெற்றன. வெறுங்கரி எஃகும் வார்ப்பிரும்பும் பயன்பெறவில்லை. முன்னர்ச் செய்த தோய்ச்சல் பழுதாயின், பின்னர் ஊட்டும் குளிர் அதனைத் திருத்தாது. தீ தொடங்கிய பணியை முடித்து வைப்பதே குளிரின் தொழில்.

உலையினின்று வந்த பற்சக்கரம் பார்வைக்குக் குறையற்றே விளங்கும். அதனுள் எஞ்சிய மென்மையை எண்ணிப் பார்ப்பவனே மேலும் ஒரு நாள் காத்திருப்பான். முடிந்தது போல் தோன்றும் வினையில் முடியாது நிற்பதை அறிந்து முடித்தலே தேர்ந்த தொழிலாளியின் இலக்கணம். அவன் காத்த அவ்வொரு நாள், முகமறியாத ஒருவரின் நெடும்பயணத்திற்குக் காவலாகின்றது.