ஒரு காலித் தோட்டா

போன மாதம் உத்தமபாளையத்தில் என் கல்லூரி நண்பனின் மகளுக்குக் கல்யாணம். 35 வருடமாக அவனிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை இந்தத் தடவையாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் சின்னமனூரில் பஸ் ஏறினேன்.

கல்லூரியில் நாங்கள் இருவரும் என்.சி.சி. தேனிப் பக்கம் மலையடிவாரத்தில் பத்து நாள் முகாம். ஒருநாள் ‘த்ரீ நாட் த்ரீ’ துப்பாக்கியில் ஆளுக்கு ஐந்து முறை சுட விட்டார்கள். ஒவ்வொரு முறை சுட்டதும் போல்ட்டைக் கையால் தூக்கிப் பின்னால் இழுக்க வேண்டும். காலித் தோட்டா வெளியே தெறித்து விழும். விரல் நீளத்துக்குப் பளபளவென்று பித்தளை. தம்பியிடம் காட்டலாம் என்று ஒன்றை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

சுட்டு முடித்ததும் காலித் தோட்டாக்களை எண்ணினார்கள். ஒன்று குறைந்தது. பொறுக்கி எண்ணிக் கொடுக்கும் வேலை என் நண்பனுடையது. அத்தனை பேரும் மண்டியிட்டுப் புல்லைத் துழாவினோம். நண்பனை மட்டும் துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓட வைத்தார்கள். மேற்கு மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிவிட்டது. அவன் நான்காவது சுற்று ஓடும்போது என்னால் தாங்க முடியவில்லை. பையிலிருந்ததைப் புல்லில் நழுவவிட்டு, “உஸ்தாத், கிடைச்சிருச்சு!” என்று கத்தினேன்.

உஸ்தாத் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். புல் குளிர்ந்து கிடந்தது. தோட்டாவில் என் உடம்புச் சூடு இருந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்துபோயிற்று. எல்லாரையும் உட்கார வைத்துப் பேசினார்.

“வெறும் கூடுதானேன்னு நினைக்கிறீங்க. மருந்து வெடிக்கிறப்போ இந்தப் பித்தளை உப்பி, துப்பாக்கி அறையோட சுவரில் ஒட்டிக்கும். அதனாலதான் புகையும் நெருப்பும் உங்க மூஞ்சிக்கு வர்றதில்லை. அப்புறம் கொஞ்சம் சுருங்கும். அதனாலதான் போல்ட்டை இழுத்தா வெளியே வருது. ஆனா பழைய அளவுக்கு வராது. அந்த அளவுக்கு அமுக்கி, மருந்தும் குண்டும் வச்சா மறுபடியும் தோட்டா. அதான் காலிக்கும் கணக்கு.”

கூட்டம் கலைந்ததும் என்னிடம் மட்டும் சொன்னார்: “தோட்டாக் கணக்கு சரியாயிருச்சு. அவன்கிட்ட உள்ள கணக்கை நீதான் சரி பண்ணணும்.”

மறுநாள் துப்பாக்கி சுடும் போட்டிக்கு ஆள் எடுத்தார்கள். எங்களில் குறி தப்பாமல் சுடுபவன் நண்பன்தான். பட்டியலில் அவன் பெயர் இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

எங்கள் தாத்தாவுக்குப் பாத்திரக்கடை. ஈயம் பூசுவார், ஒடுக்கு எடுப்பார். ஊர் திரும்பியதும் தோட்டா விஷயத்தை மட்டும் அவரிடம் சொன்னேன். “பித்தளை தட்டத் தட்ட இறுகும்யா. இறுகினா விரியும். சுட்டு இளக்கித்தான் மறுபடி தட்டணும். அப்படியும் எத்தனை தடவை தாங்கும்? ஒடுக்கு எடுத்தாலும் தடம் இருக்கத்தான் செய்யும்” என்றார்.

பின்னாளில் படித்தபோது, உஸ்தாத்தும் தாத்தாவும் சொன்னது ஒன்றுதான் என்று புரிந்தது. தோட்டாப் பித்தளையில் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். சட்டம் அனுமதிக்கும் வெளிநாடுகளில், போட்டிகளில் சுடுபவர்கள் காலிக் கூட்டை எஃகு அச்சுக்குள் செலுத்தி அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். த்ரீ நாட் த்ரீ போர்க்களத்து மண்ணிலும் சேற்றிலும் சிக்காமல் இயங்க வேண்டும் என்று அதன் அறையைத் தாராளமாகவே கடைந்திருந்தார்கள். அதில் உப்பிய கூட்டை ஒவ்வொரு முறையும் முழுதாக அமுக்கினால், அடிப்பாகத்துக்குச் சற்று மேலே பித்தளை மெலிந்து, ஒருநாள் இரண்டாகப் பிய்ந்துவிடும். அதனால் விவரம் தெரிந்தவர்கள், அதே துப்பாக்கிக்குத்தான் என்றால் குண்டு பிடிக்கும் கழுத்தை மட்டும் இறுக்கிவிட்டு மற்றதை அப்படியே விட்டுவிடுவார்கள். நம் நாட்டிலோ 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். தோட்டாவின் பாகங்களையும் அந்தச் சட்டம் தோட்டாவாகவே கணக்கில் எடுக்கிறது. நான் பையில் போட்டது விளையாட்டுச் சாமான் இல்லை.

கல்யாணக் கூட்டம் குறைந்ததும் நண்பனைத் தனியே அழைத்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். “அந்த டீம்ல சேர்ந்திருந்தா நீ போலீஸ் ஆகியிருப்பேன்னு எங்க அப்பா சாகிற வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தாருடா” என்றான். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பிறகு, “சாப்டியா?” என்று கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் கையைப் பிடித்துப் பந்திக்கு அழைத்துப் போய், தானே இலை போட்டான்.