கழித்துக்கட்டும் வேலை

கம்மாபுரத்தில் சுரங்க வெடி காதுக்கு எட்டும் முன்பே காலுக்கு எட்டிவிடுகிறது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் கடலூர் மணற்கல் இறுகிப்போன இடங்களில், வெடி வைத்துத் தளர்த்திய பிறகே பக்கெட் வீல் இயந்திரத்தை விடுகிறார்கள். தரைக்குள் ஓடிவரும் அதிர்வுக்குக் காற்றில் வரும் ஓசையைவிட வேகம் அதிகம். "இது வெடி, இது எம்-சாண்ட் லாரி, இது நெல்லறுக்கிற மிஷினு" என்று திண்ணையில் உட்கார்ந்தபடியே பிரித்துச் சொல்லக்கூடிய ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பக்கம் ஒப்பந்த வேலை பார்த்தவர். நான் பார்க்கப் போனது அவருடைய மகளை. சிதம்பரத்தில் எம்.எஸ்ஸி. இயற்பியல் படிக்கும் அவர், பெயர் போட வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டார்.

அவரும் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் அவருடைய தம்பியும் மாலை நேரங்களில் ஒரு பழைய மடிக்கணினியில், கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுக்கொண்டு ஒரு வேலை செய்கிறார்கள். ஈர்ப்பலைகளைத் தேடும் அமெரிக்காவின் லைகோ கருவிகளில் பதிவான சலனங்களின் படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வரும். அது என்ன வகை என்று சொல்ல வேண்டும். 'கிராவிட்டி ஸ்பை' என்ற இந்தத் திட்டம் 2016 அக்டோபரில் ஜூனிவர்ஸ் தளத்தில் தொடங்கியது. உலகம் முழுவதும் பல்லாயிரம் பேர் சம்பளமில்லாமல் இதைச் செய்கிறார்கள்.

"காசு வருமான்னு கேட்டேன் சார். வராதாம்" என்றார் அப்பா. குறையாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னார்.

என்ன படங்கள் அவை என்பதற்குக் கருவியைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். கருந்துளைகள் இரண்டு ஒன்றையொன்று சுற்றி நெருங்கி ஒன்றாகும்போது காலவெளியே அதிர்ந்து, அந்த அதிர்வு ஈர்ப்பலையாக ஒளியின் வேகத்தில் நாலாபுறமும் பரவுகிறது. அது பூமியைக் கடக்கும்போது ஒரு திசையில் நீளம் துளி கூடும், குறுக்குத் திசையில் துளி குறையும். வாஷிங்டன் மாநிலத்து ஹான்ஃபோர்டிலும் லூசியானாவின் லிவிங்ஸ்டனிலும் 4 கிலோமீட்டர் நீளத்தில் இரண்டு கைகளைச் செங்குத்தாக நீட்டிவைத்து, அவற்றுக்குள் வெற்றிடத்தில் லேசர் ஒளியை ஓடவிட்டு இந்த வித்தியாசத்தை அளக்கிறார்கள். அளக்க வேண்டிய நீளம் ஒரு புரோட்டானின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 40 கிலோ எடையுள்ள கண்ணாடிகளை நான்கு அடுக்கு ஊசலில், மெல்லிய சிலிக்கா இழைகளில் தொங்கவிட்டிருப்பது தரையின் ஆட்டம் அவற்றைத் தொடாமல் இருக்கத்தான்.

அப்படியும் தொடுகிறது. கடலலை கரையில் மோதுவது, காற்று கட்டடத்தைத் தள்ளுவது, லிவிங்ஸ்டன் பக்கத்து ரயில், காட்டில் மரம் வெட்டுவது என்று எல்லாமே தரவில் விழும். 2017 கோடையில் ஹான்ஃபோர்டில் காரணம் புரியாத ஒரு இரைச்சல் வந்தது. துருவிப் பார்த்தால், திரவ நைட்ரஜன் குழாயில் படிந்திருந்த பனிக்கட்டியைத் தாகம் எடுத்த அண்டங்காக்கைகள் கொத்தியிருக்கின்றன. பிரபஞ்சத்தின் மறுகோடியிலிருந்து வரும் செய்திக்குக் காக்கையிடமிருந்தும் இடைஞ்சல்.

இப்படி வருகிற பொய்த் துடிப்புகளை 'கிளிட்ச்' என்கிறார்கள். லிவிங்ஸ்டனில் சராசரியாக நிமிடத்துக்கு ஒன்று என்ற அளவுக்கு அவை வந்த காலமும் உண்டு. நிஜமான அலையோ நாள்கணக்கில் காத்திருந்தால் ஒன்று வரும். ஆக, இந்தத் தொழிலில் பிடிக்கிற வேலை கொஞ்சம், கழிக்கிற வேலைதான் மிகுதி.

"இங்க பாருங்க சார்" என்று திரையைத் திருப்பினார் அந்தப் பெண். "இடமிருந்து வலம் நேரம். கீழிருந்து மேல அலைவெண். நீலம்னா ஒண்ணுமில்ல, மஞ்சள்னா வலு ஜாஸ்தி." ஒரே துடிப்பை அரை நொடி, ஒரு நொடி, இரண்டு நொடி, நான்கு நொடி என நான்கு சட்டங்களில் காட்டுகிறார்கள். அரை நொடிச் சட்டத்தில் அகலமாகத் தெரிவது நான்கு நொடிச் சட்டத்தில் ஊசிக் கோடாக ஒடுங்கிவிடும். அனுபவமில்லாதவர்கள் ஒரு சட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சொல்லிவிடுவார்கள் என்று தம்பியைப் பார்த்தபடி சொன்னார்.

தம்பிக்கு வேகம் அதிகம். வகைகளுக்குத் தானே பெயரும் வைத்திருக்கிறான். தலை கீழே, துடுப்பு இரண்டு பக்கம் என்று தெரியும் 'கோய் ஃபிஷ்' அவனுக்குக் கெண்டை. கீழ் அலைவெண்ணில் அடுக்கடுக்காக எழும் வளைவுகள் 'பாலம்'. அது சிதறிய ஒளியின் வேலை. லேசரில் துளி ஒளி வழிதவறி, ஆடிக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு பரப்பில் பட்டுத் திரும்பி வந்து சேர்ந்துகொள்கிறது. பரப்பு எவ்வளவு வேகமாக ஆடுகிறதோ அவ்வளவு உயரத்துக்கு வளைவு எழும். காரணம் தெரிந்துவிட்டால் வைத்தியமும் கிடைக்கும். 2020 ஜனவரியில் ஊசல் அடுக்குகளின் கட்டுப்பாட்டில் செய்த ஒரு மாற்றத்தால் இந்த வளைவுகள் வெகுவாகக் குறைந்தன. வி, டபிள்யூ வடிவில் ஏறி இறங்குவது 'விசில்'. ரேடியோ அலைவரிசைச் சமிக்ஞைகள் ஒன்றோடொன்று மோதுவதால் வருவது அது.

எனக்குச் சுவாரசியமாகப்பட்டது 'பிளிப்'. கண்ணீர்த் துளி வடிவில், நொடியில் நூற்றில் சில பங்கு நேரமே இருந்துவிட்டு மறையும். அதன் தோற்றம் பெரும்பாலும் இன்றுவரை புரியவில்லை. சங்கடம் என்னவென்றால், மிகக் கனமான கருந்துளைகள் மோதினால் வரும் உண்மைச் சமிக்ஞையும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். கனம் கூடக் கூட, கருவிக்குக் கேட்கும் எல்லைக்குள் அது தங்கும் நேரம் குறைந்துகொண்டே போகும். திருடனும் வீட்டுக்காரனும் ஒரே ஜாடை!

"அப்ப எப்படிம்மா பிரிப்பீங்க?"

"ஒரு படத்தை வச்சு முடியாது சார். ரெண்டு ஊர்லயும் வந்துச்சான்னு பாக்கணும்."

திண்ணையிலிருந்து அப்பா நுழைந்தார். "நானும் அப்படித்தான் பாப்பா. சந்தேகமா இருந்தா ஊ.மங்கலத்துல மச்சானுக்குப் போன் போடுவேன், அங்க அதிர்ந்துச்சான்னு."

மகள் சிரித்தார். அப்பா சொன்னது பாதிதான் சரி என்று எனக்கு விளக்கினார். பக்கத்து ஊர் இரண்டிலும் சுரங்க வெடி கேட்கும். அதனால்தான் லைகோவின் இரண்டு கருவிகளும் 3,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. ஹான்ஃபோர்டு காக்கை லிவிங்ஸ்டனில் கொத்தாது. வானத்திலிருந்து வருவது இரண்டிலும் விழும், அதுவும் ஒளி அந்தத் தூரத்தைக் கடக்க எடுக்கும் 10 மில்லிநொடிக்குள். இது போதாதென்று நில அதிர்வுமானி, மைக், காந்தமானி என்று சுற்றிலும் காவல் கருவிகள். அவற்றிலிருந்தும் கருவியின் உள்ளுறுப்புகளிலிருந்தும் வரும் துணைத் தடங்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல். காவல் கருவியும் அதே நொடியில் துள்ளியிருந்தால் அந்தத் துடிப்பு சந்தேகத்துக்குரியது.

தற்செயலாக இரண்டு கிளிட்ச்கள் ஒரே நொடியில் வந்துவிட்டால்? அதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். ஓர் ஊரின் தரவை வேண்டுமென்றே சில நொடிகள் நகர்த்தி மற்ற ஊரின் தரவோடு பொருத்துவார்கள். அப்போது ஒத்துப்போகிற எதுவும் வானத்துச் சங்கதியாக இருக்க முடியாது. இப்படி நகர்த்தி நகர்த்தி, பொய் எத்தனை தடவை உண்மைபோல் வேஷம் போடும் என்று எண்ணிவிடலாம். 2015 செப்டம்பர் 14, நம் நேரப்படி பிற்பகல் 3.20க்கு வந்த முதல் சமிக்ஞைக்கு, 16 நாள் தரவை இப்படி மாற்றி மாற்றிப் பொருத்தி 6 லட்சம் ஆண்டுகளுக்கு நிகரான கணக்குப் பார்த்தார்கள். அது தற்செயலாக வர 2,03,000 ஆண்டுகளில் ஒரு தடவைக்கும் குறைவான வாய்ப்பே இருந்தது. சூரியனைப்போல் 36 மடங்கும் 29 மடங்கும் நிறையுள்ள கருந்துளைகள் மோதி, 3 சூரியன்களின் நிறை அலையாகவே போயிருந்தது. அதை முதலில் கவனித்தவர் ஜெர்மனியின் ஹனோவரில் இருந்த மார்க்கோ டிராகோ. அவருக்கு வந்த முதல் எண்ணம், யாரோ சோதனைக்காகப் போட்ட போலி என்பதுதான்.

அந்தச் சந்தேகத்துக்கு ஒரு பூர்வகதை உண்டு. 2010 செப்டம்பர் 16 அன்று பெருநாய் விண்மீன் கூட்டத்தின் திசையிலிருந்து ஒரு சமிக்ஞை வந்ததாகத் தெரிந்தது. மாதக்கணக்கில் அலசி ஆராய்ந்து கட்டுரை வரைவும் தயார் செய்தார்கள். 2011 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் ஆர்கேடியாவில் கூடி, மூடி வைத்திருந்த உறையைப் பிரித்தார்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் கண்ணாடிகளை ரகசியமாக அசைத்து உண்டாக்கிய போலி அது. ஆய்வாளர்கள் விழிப்பாக இருக்கிறார்களா என்று பார்க்கத் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட பரீட்சை. இந்தக் கதையை அந்தப் பெண்ணிடம் சொன்னபோது அவருக்கு வியப்பில்லை. அவர் செய்யும் வேலையிலும் விடை முன்பே தெரிந்த படங்களை இடையிடையே கலந்து வைக்கிறார்கள். அவற்றைச் சரியாகச் சொன்னால்தான் அடுத்த நிலைக்குப் போகலாம், கூடுதல் வகைகள் திறக்கும்.

சமிக்ஞையைத் தேடும் முறையில் நம்மவர்களின் பங்கு பழையது. மோதலின் அலை எந்த வடிவில் இருக்கும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு, அந்த அச்சை வைத்து இரைச்சலுக்குள் தேடுவது வழக்கம். விருத்தாசலம் மாசிமகக் கூட்டத்தில் தாய் தன் பிள்ளையின் குரலைப் பிரித்தறிவதுபோல, என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்தவருக்கே கேட்கும். எத்தனை அச்சுகள் வேண்டும், எப்படித் தேர்வது என்பதை சத்யபிரகாஷும் தூரந்தரும் 1991இலேயே எழுதிவிட்டார்கள். மோதி முடிந்த கருந்துளை அடங்கும்போது எப்படி ஒலிக்கும் என்பதை சி.வி. விஸ்வேஸ்வரா கணக்கிட்டது 1970இல். அலை வடிவைத் துல்லியமாகக் கணக்கிட்டவர்களில் பாலா ஐயர் முக்கியமானவர். முதல் கண்டுபிடிப்புக் கட்டுரையில் இடம்பெற்ற இந்திய நிறுவனங்களில் சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் கழகமும் ஒன்று. கடலூரிலிருந்து சிறுசேரி அப்படியொன்றும் தூரமில்லை. இந்தப் பெண்ணின் கல்லூரிப் பாடத்திட்டத்தில்தான் இதெல்லாம் தூரத்தில் இருக்கிறது.

இயந்திரமே இதைச் செய்யாதா என்று கேட்காதவர்கள் இல்லை. செய்கிறது. கிராவிட்டி ஸ்பையில் கணினியும் மனிதரும் சேர்ந்தே வகைப்படுத்துகிறார்கள். ஆனால் பழக்கிய வகைகளுக்குள்தான் கணினி எதையும் போடும். கருவியில் ஒரு பாகத்தை மாற்றினால் புதுப் பூச்சி ஒன்று முளைக்கும், அதற்குப் பட்டியலில் பெயர் இராது. 'மேற்கண்ட எதுவுமில்லை' என்ற பட்டன் அதற்குத்தான். அதை அழுத்தியவர்கள் தங்களுக்குள் பேசி, ஒரே மாதிரிப் படங்களைத் திரட்டி, புது வகையாக முன்வைப்பார்கள். 'ஹீலிக்ஸ்', 'பேர்டு டவ்ஸ்' என்ற இரண்டும் இப்படித் தன்னார்வலர்கள் கண்டெடுத்தவை.

"தெரியலன்னா தெரியலன்னு அழுத்தணும் சார். இவன் அழுத்த மாட்டான்" என்றார் அக்கா. தம்பி மறுக்கவில்லை.

2017 ஆகஸ்ட் 17 மாலை 6.11க்கு நடந்ததை இந்தத் தொழிலின் உச்சம் என்று நான் சொல்வேன். நியூட்ரான் விண்மீன்கள் இரண்டு மோதிய அலை வந்தது. ஹான்ஃபோர்டில் தானியங்கி பிடித்துவிட்டது. லிவிங்ஸ்டனில் பிடிக்கவில்லை. மோதலுக்கு ஏறக்குறைய ஒரு நொடி முன்பு அங்கே ஒரு பெரிய கிளிட்ச் விழுந்திருந்ததால் இயந்திரம் மொத்தத்தையும் ஒதுக்கிவிட்டது. ஆட்கள் படத்தை எடுத்துப் பார்த்தார்கள். கிளிட்சின் மஞ்சள் தூணை ஊடுருவி, இடமிருந்து வலமாக ஏறிப்போகும் மெல்லிய வளைகோடு கண்ணுக்கே தெரிந்தது. மோதி 1.7 நொடி கழித்து ஃபெர்மி செயற்கைக்கோளில் காமா கதிர் வெடிப்பும் பதிவாகியிருந்தது. அன்று யாரும் படத்தைத் திறந்து பார்க்காமல் இருந்திருந்தால், 13 கோடி ஒளியாண்டு தள்ளியிருந்த என்.ஜி.சி. 4993 என்ற அந்தக் கேலக்ஸியைத் தேடுவது மிகக் கடினமாகியிருக்கும்.

2019 ஏப்ரலிலிருந்து, சமிக்ஞை வந்ததாகச் சொல்லும் லைகோவின் அறிவிப்புகள் எல்லோருக்கும் வருகின்றன. எஸ் என்ற எழுத்தோடு தேதி சேர்ந்த பெயர். கருந்துளை இணையாக இருக்க இத்தனை விழுக்காடு, நியூட்ரான் விண்மீன்களாக இருக்க இத்தனை, வெறும் பூமி இரைச்சலாக இருக்க இத்தனை என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். சில நாளில் அனுப்பியதைத் திரும்பப் பெறுவதும் உண்டு. உலகமே பார்க்க 'இல்லை, தப்பு' என்று சொல்லும் இந்த வழக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. அரசு அறிவிப்புகளில் இதைக் கண்டதில்லை. இவ்வளவு கழித்தலுக்கும் பிறகு, 2025இல் வெளியான நான்காவது பட்டியலோடு சேர்த்து 218 சமிக்ஞைகள் தேறியிருக்கின்றன.

மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் ஔண்டா அருகே லைகோ-இந்தியா வரப்போகிறது. 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை 2,600 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. அமெரிக்காவின் கிளிட்ச் பட்டியலை இங்கே அப்படியே ஒட்டிவைக்க முடியாது. அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நமக்கு 50. அங்கே மரம் ஏற்றும் லாரி என்றால் இங்கே பருத்தி வயல் டிராக்டர், பருவமழை இடி. நம் தரையின் இரைச்சலுக்கு நாம்தான் முதலிலிருந்து பட்டியல் எழுத வேண்டும். அதற்குப் பழகிய கண்கள் வேண்டும்.

கல்லூரி இயற்பியல் துறைகளுக்கு ஒரு வேண்டுகோள். லைகோ தரவுகள் பொதுவெளியில் இலவசமாகக் கிடைக்கின்றன, அவற்றைக் கையாளும் பாடங்களும் இருக்கின்றன. முதல் சமிக்ஞையைப் பைத்தானில் சில வரிகளில் வரைந்து பார்க்கலாம். இந்தப் பெண் தன் மடிக்கணினியில் எனக்கு வரைந்தே காட்டினார். ஆய்வகத்தில் ஆண்டாண்டாக எழுதிவரும் சோதனைகளில் ஒன்றை எடுத்துவிட்டு, அடுத்த பருவத்திலேயே இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.