ஒரு கை தைக்காத நைட்டி

2024 மார்ச் 17, ஞாயிறு
காலை பதினொன்றே கால். ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருந்த அக்கா, "உலக்கையால பிடரியில போட்ட மாதிரி இருக்குடி" என்று தலையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு தடவை வாந்தி. பக்கத்தில் ஒரு டாக்டர், பித்தத் தலைவலி என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார். தளவாய்புரத்துக்கு நாளை ஆறு டஜன் நைட்டி போக வேண்டும். அவளைப் படுக்க வைத்துவிட்டு நான் தைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 18
விடிந்து பார்த்தால் இடது இமை இறங்கிக் கிடக்கிறது. கழுத்தை வளைக்க முடியவில்லை. வாடகைக் காரில் மதுரைக்குக் கிளம்பினோம். மச்சான் மடியில் சீட்டுப் பணம் எண்பதாயிரம். தேர்தல் அறிவித்து இரண்டே நாள். வழியில் பறக்கும் படை மறித்தது. ஐம்பதாயிரத்துக்கு மேல் இருந்தால் கணக்குக் கேட்பார்கள். அந்த அதிகாரி அக்கா கண்ணைப் பார்த்தார். போங்க என்று கையைக் காட்டினார்.
ஸ்கேனில் மூளையைச் சுற்றி ரத்தம்.

மார்ச் 19
டாக்டர் சைக்கிள் ட்யூபைச் சொல்லி விளக்கினார். நைந்த இடம் புடைக்குமே, அப்படி ரத்தக்குழாயில் ஒரு புடைப்பு. நூறு பேரில் மூன்று பேருக்கு இருக்குமாம். பெரும்பாலோருக்கு வெடிக்காமலே ஆயுசு முடிந்துவிடும். வெடித்தது மறுபடி வெடிக்கிற ஆபத்து முதல் நாளில்தான் அதிகம். அந்த முதல் ராத்திரி முழுக்க அவள் வீட்டில் கிடந்தாள்.
தொடை வழியாகக் குழாய் விட்டு, புடைப்புக்குள் பிளாட்டினக் கம்பியைச் சுருள் சுருளாக அடைத்தார்கள். பாபினில் நூல் நிறைகிற மாதிரி என்று நானாகப் புரிந்துகொண்டேன். முன்பெல்லாம் மண்டையைத் திறந்து கிளிப் போடுவதுதான் வழி. இந்தச் சுருளை குலியெல்மி என்ற இத்தாலிக்காரர் 1990-ல் அமெரிக்காவில் முதன்முதலாக வைத்தாராம்.

மார்ச் 21
வார்டு முழுக்க ஜக்கி வாசுதேவ் பேச்சு. அவருக்கும் 17-ஆம் தேதிதான் டெல்லியில் தலையில் ஆபரேஷன். "உங்க அக்காவுக்கும் அதேதானே?" என்றார் பக்கத்துப் படுக்கை அம்மா. ஜக்கிக்கு மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே சேர்ந்த ரத்தம். நாலு வாரமாகத் தலைவலியாம். இவளுக்கு ஒரு நொடியில் இடி. விளக்கத் தெம்பில்லை, தலையாட்டி வைத்தேன்.

மார்ச் 25
பங்குனி உத்திரம். திருவில்லிபுத்தூரில் ஆண்டாள் கல்யாணம். இந்த வருசம் போகவில்லை.
கசிந்த ரத்தம் பட்ட குழாய்கள் நாலாம் நாளிலிருந்து இரண்டு வாரம் வரை சுருங்கப் பார்க்குமாம். அதற்கு நிமோடிபின் மாத்திரை, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, 21 நாள். ராத்திரி இரண்டு மணிக்கு என் போனில் கோழி கூவுகிறது. அக்கா வாயைத் திறக்கிறாள், கண்ணைத் திறப்பதில்லை.

மார்ச் 30
"வீட்டில் வேறு யாருக்காவது?" என்றார் டாக்டர். அம்மா அம்மியில் மசாலா அரைத்துக்கொண்டே சாய்ந்தாள், நாற்பத்தொரு வயசில். காத்து அடிச்சிருச்சு என்றார்கள் ஊரில். அதைச் சொன்னதும் அவர் எழுதுவதை நிறுத்தினார். ஒரே வீட்டில் இரண்டு பேர் என்றால் எனக்கும் பார்த்துவிடுவது நல்லது என்றார். என் பிரஷரும் 160.

ஏப்ரல் 10
செட்டியார்பட்டி வீடு. இமை பாதி ஏறியிருக்கிறது. 19-ஆம் தேதி ஓட்டு; மறுநாள் எனக்கு ஸ்கேன். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் மிஷினையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: "அந்த நீல நைட்டிக்கு ஒரு கை பாக்கி இருந்துச்சே, தச்சியாடி?"